காமிக் கானுக்குக் கார் இல்லாமல் போவது: நந்தம்பாக்கமா, நந்தனமா, வைட்ஃபீல்டா, ஈரோடா?

வார இறுதியில் காமிக்ஸ் வாங்கவும் பழைய இசைத்தட்டு தேடவும் கிளம்புகிறவர்கள் போகிற வழியை நன்றாகவே யோசிக்கிறார்கள். எந்த ரயில், எங்கே மாறுவது, எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்று எல்லாம் கணக்காக இருக்கும். திரும்பி வருவதை யாரும் யோசிப்பதில்லை. போகும்போது பையில் தண்ணீர் பாட்டிலும் குடையும்தான். வரும்போது அதே பையில் ஏழெட்டுக் கிலோ புத்தகம், முனை மடங்கக் கூடாத நாலைந்து எல்பி இசைத்தட்டு, சுருட்டிய போஸ்டர். கால் வலி வேறு. மணி ராத்திரி எட்டரை. அந்த நேரத்தில், அந்தச் சுமையோடு, அந்த இடத்திலிருந்து என்ன வண்டி கிடைக்கும் என்பதை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டைப் போட்டிருக்கிறேன்.

நான் அம்பத்தூர்க்காரன். கணக்கெல்லாம் சென்னையிலிருந்து, அதிலும் வடமேற்குச் சென்னையிலிருந்து. தாம்பரம், வேளச்சேரி பக்கம் இருப்பவர்கள் ஓரிரு இடங்களில் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் சென்னை காமிக் கான் (காமிக்ஸ், கேமிங், வேடமிட்ட ரசிகர்கள் எல்லாம் சேரும் திருவிழா) ஒன்று. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஜனவரி வாக்கில் நடக்கும் புத்தகக் காட்சி இன்னொன்று. அது காமிக் கான் இல்லைதான், ஆனால் தமிழில் காமிக்ஸ் படிப்பவனுக்கு அதுதான் முதல் திருவிழா. மூன்றாவது, பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள கே.டி.பி.ஓ. என்ற கண்காட்சி அரங்கில் நடக்கும் பெங்களூரு காமிக் கான். நான்காவது, ஆகஸ்ட் வாக்கில் வரும் ஈரோடு புத்தகத் திருவிழா. இவற்றோடு, இசைத்தட்டுக்காக மூர் மார்க்கெட்டையும் சேர்த்திருக்கிறேன். தட்டுகளுக்கென்று தனிச் சந்தை கூட்டி விற்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. தேடுகிறவன் பழைய கடைகளுக்குத்தான் போக வேண்டும்.

நந்தம்பாக்கம்: பக்கத்தில் இருக்கிறது, எட்டத்தான் முடியவில்லை

காமிக் கான் இந்தியா 2011-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு வர பதின்மூன்று ஆண்டுகள் ஆயின: முதல் பதிப்பு 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சென்னை வர்த்தக மையத்தில் நடந்தது. பெரிய கூடம், குளிர்சாதனம், நல்ல கழிப்பறை என்று எல்லாம் சரி. மெட்ரோ மட்டும் இல்லை.

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இருக்கிற இந்த இடத்துக்கு இப்போதைக்குக் கிட்டத்தில் உள்ள மெட்ரோ நிலையங்கள் ஆலந்தூர், பரங்கிமலை, ஈக்காட்டுத்தாங்கல். எங்கே இறங்கினாலும் பாக்கி மூன்று, நான்கு கிலோமீட்டர் இருக்கிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவில், மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்தில், வர்த்தக மையத்துக்கென்றே ஒரு நிலையம் திட்டத்தில் உண்டு. அந்தப் பாதை முழுதாக ஓடத் தொடங்கும் நாளில் இந்தக் கட்டுரையின் பாதி செல்லாததாகிவிடும், சந்தோஷம்தான். அதுவரை அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் முழு நாளையும் தீர்மானிக்கிறது.

போக வழி மூன்று. சென்ட்ரலில் ஏறி ஆலந்தூரில் இறங்குவது முதல் வழி. நீல வழித்தடத்தில் வந்தாலும் பச்சையில் வந்தாலும் ஆலந்தூர் வரும், மாறுகிற வேலை இல்லை. அம்பத்தூர்க்காரனுக்கு இதைவிட நல்லது பஸ்ஸில் திருமங்கலம் போய் அங்கே பச்சைத் தடத்தைப் பிடிப்பது. சென்ட்ரல் வரை போய் வட்டம் அடிக்க வேண்டாம். ஆலந்தூரில் இறங்கி கத்திப்பாரா மேம்பாலத்துக்கு அடியில் வந்தால் போரூர் போகும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும்.

இரண்டாவது, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து பஸ். கிண்டி, போரூர் வழியாகப் பூந்தமல்லி போகும் 54 வர்த்தக மையம் வழியாகத்தான் போகிறது. செலவில் இதை எதுவும் அடிக்க முடியாது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து 2021 மே மாதத்திலிருந்து இலவசம் என்பதால், கல்லூரிப் பெண்கள் கூட்டமாகப் போவதற்கு இதுதான் வழி. ஒரே எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலுக்குத் தனி அட்டவணை. வண்டி குறைவு, பராமரிப்புப் பணி என்று சில சேவைகள் ரத்தாவதும் உண்டு. சனிக்கிழமை போனால் இந்தத் தலைவலி குறைவு.

மூன்றாவது, வீட்டிலிருந்தே ஆப்பில் ஆட்டோ அல்லது கேப். இதற்கு நான் சொல்ல எதுவும் இல்லை, காசு இருந்தால் போகலாம்.

போகும்போது மூன்றும் சமம் என்றுகூடச் சொல்லலாம். காலை பத்து, பத்தரைக்குச் சாலை காலியாக இருக்கும், ஷேர் ஆட்டோவில் இடம் இருக்கும். வித்தியாசம் தெரிவது ராத்திரி எட்டு மணிக்கு. அரங்கு மூடும்போது எல்லோரும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள், எல்லோர் கையிலும் ஒரே ஆப். விலை ஏறும், வண்டி வராது. மெட்ரோ வேலைக்காகச் சாலையை அங்கங்கே குறுக்கிவிட்டதால் ஒப்புக்கொண்ட வண்டியும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு "சார், இந்தப் பக்கம் வாங்க" என்கிறது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 என்று 2013-ல் அரசு ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தது. அதை அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஓட்டுநரிடம் சொல்லிப் பார்ப்பவர் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரே மருந்து, மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புவது. ஏழு மணிக்கு வெளியே வந்தால் 54-ல் நிற்கவாவது இடம் கிடைக்கும். கிண்டியில் இறங்கினால் மெட்ரோவும் மின்சார ரயிலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மெட்ரோ இரவு பதினொன்று வரை ஓடுகிறது, அதில் பயம் இல்லை. மூன்று பேர், நான்கு பேராகப் போனால் ஆலந்தூர் வரை மட்டும் ஆட்டோ பேசி, அங்கிருந்து மெட்ரோ ஏறுவது கட்டுப்படியாகும். வீடு வரை ஆட்டோ பேசுவதுதான் பணத்தைக் கரைக்கிற வேலை.

பைக்? நிறையப் பேர் அதில்தான் வருகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஒருவராகப் போனால் நேரம் மிச்சம். ஆனால் வாங்குகிற ஆள் என்றால் யோசிக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் வைத்த பையில் கெட்டி அட்டைப் புத்தகத்தின் முனை நசுங்காமல் வீடு சேர்வது அபூர்வம். தட்டுகள் இருந்தால் பைக் வேண்டவே வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நந்தனம்: பேச்சே வேண்டாம்

இதற்கு ஒப்பீடே தேவையில்லை. நந்தனம் மெட்ரோவில் இறங்கி அண்ணா சாலையில் நடந்தால் ஒய்.எம்.சி.ஏ. வாசல். வாசலிலிருந்து அரங்குக்கு உள்ளே இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மெட்ரோ வேண்டாம் என்றால் அண்ணா சாலையில் பஸ்ஸுக்கா பஞ்சம்? மின்சார ரயிலில் வந்து சைதாப்பேட்டையில் இறங்கியும் வரலாம்.

புத்தகக் காட்சி 1977-ல் அண்ணா சாலையில் மதரசா-இ-ஆசம் பள்ளியில் சிறியதாகத் தொடங்கியது. சென்னைக்குக் காமிக் கான் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே லயன்–முத்து அரங்கின் முன்னால் நரைத்த தலைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும், 1984-ல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. அப்போது பள்ளிப் பையன்களாக இருந்தவர்கள் இப்போது பிள்ளைகளோடு வருகிறார்கள். சந்தா கட்டாதவர்களுக்கும், விட்டுப்போன இதழைத் தேடுகிறவர்களுக்கும் இதுதான் இடம்.

திரும்பும் வழியைப் பொறுத்தவரை நான்கில் முதலிடம் நந்தனத்துக்குத்தான். மூடும் நேரத்துக்கு வெளியே வந்தாலும் மெட்ரோ இருக்கிறது. நந்தனத்தில் ஏறி சென்ட்ரல், அங்கே மேலே ஏறினால் அம்பத்தூர், ஆவடி வண்டி. மழை ஒன்றுதான் எதிரி. மழை பெய்தால் அந்த மைதானம் சேறாகிவிடும், தார்ப்பாய் எங்கெங்கே ஒழுகும் என்று சொல்ல முடியாது. துணிப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: உங்களுக்கு வேண்டியது தமிழ் காமிக்ஸ் மட்டும் என்றால் நந்தம்பாக்கத்துக்கும் வைட்ஃபீல்டுக்கும் அலைய வேண்டாம். அங்கே சட்டை, பொம்மை, கேமிங், மேடை நிகழ்ச்சி, வேடமிட்ட கூட்டம் எல்லாம் நன்றாக இருக்கும். தமிழ்ப் புத்தகத்துக்கு நந்தனம்.

தட்டுகளுக்கு: மூர் மார்க்கெட்

சென்ட்ரலில் புறநகர் ரயில்கள் கிளம்பும் நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். பழைய செங்கல் கட்டட மூர் மார்க்கெட் நின்ற இடம் அது. 1900 வாக்கில் எழும்பி, 1985 மே 30 அன்று எரிந்துபோனது. கடைக்காரர்களைப் பக்கத்தில் லில்லி பாண்ட் வளாகத்துக்கு மாற்றினார்கள். பழைய புத்தகம், பழைய ரேடியோ, பழைய தட்டு எல்லாம் இன்னும் அந்தப் பக்கம்தான். ஆக, சென்னையில் பொதுப் போக்குவரத்துக்கு இவ்வளவு ஒட்டி இருக்கிற சந்தை வேறு கிடையாது: புறநகர் ரயில், மெட்ரோ, பூங்கா நகர் பறக்கும் ரயில், எதிரே பஸ். வெளியூரிலிருந்து சென்ட்ரல் வந்து இறங்குகிறவர் நடந்தே போகலாம்.

ஞாயிறன்று எல்லாக் கடையும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சனிக்கிழமை காலை போவது நல்லது. கடைக்காரர் "எல்லாம் நல்ல கண்டிஷன்" என்றுதான் சொல்வார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகம் மாட்டுகிற அளவு கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது உங்கள் வேலை. எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ என்று லேபிளைப் பார்த்தே விலை சொல்லும் ஆட்களும் உண்டு. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் படப் பாட்டு என்றால் பேரம் கொஞ்சம் இறுகும்.

சரி, இவற்றை எப்படி எடுத்து வருவது? எல்பி தட்டு 12 அங்குலம், அதாவது 30 செ.மீ. அட்டையோடு சேர்த்தால் இன்னும் ஒரு செ.மீ.க்கு மேல். சாதாரணக் காலேஜ் பையில் அகலவாக்கில் நுழையாது, நுழைத்தால் அட்டை மடியும். ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான சதுரத் துணிப்பை, உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அட்டைத் துண்டு, அவ்வளவு போதும். தட்டுகள் நிற்க வேண்டும், படுக்கக் கூடாது. பத்துத் தட்டு அட்டையோடு இரண்டு, இரண்டரைக் கிலோ வரும். கனம் பெரிதில்லை, வடிவம்தான் தொல்லை.

வெயில் அதைவிடப் பெரிய தொல்லை. வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். அறுபது, எழுபது டிகிரியை நெருங்கும்போது இளகி வளைந்துவிடும். நிறுத்தி வைத்த காருக்குள்ளோ பைக்கின் பக்கப் பெட்டிக்குள்ளோ சென்னை வெயிலில் அந்தச் சூடு வர நேரம் பிடிக்காது. ஒருமுறை வளைந்த தட்டு மறுபடி நேராவது கஷ்டம். ஆகவே தட்டு வாங்குகிறவனுக்குக் குளிர்சாதன மெட்ரோவைவிட நல்ல வண்டி இல்லை. நிலையத்தில் பையை ஸ்கேனரில் போடச் சொல்வார்கள், எக்ஸ்ரே தட்டை ஒன்றும் செய்யாது. படுக்கவைத்து மேலே இன்னொருவர் சூட்கேஸ் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் வேறு ஜாதி. அரக்கில் செய்தவை, சூட்டைவிட அடிக்குப் பயப்படும். ஒரு தள்ளு, ஒரு சடன் பிரேக், முடிந்தது. அவற்றை மாலை நேரக் கூட்டத்தில் பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தால் வாங்காமலே வந்துவிடலாம். மதியம் ஒன்று, இரண்டு மணிக்குக் காலியாக ஓடும் புறநகர் ரயிலில் மடியில் வைத்து உட்கார்ந்து வரலாம்.

வைட்ஃபீல்டு: தூரம் ஏமாற்றும்

இங்கேதான் ஒப்பீடு வேடிக்கையாகிறது. பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் கார் இல்லாதவனுக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர் என்று பார்த்தால், நந்தம்பாக்கத்தைவிட வைட்ஃபீல்டு சுலபம்.

2023-க்கு முன்னால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பெங்களூரு நகரத்தின் மையத்திலிருந்து வைட்ஃபீல்டு போவது ஒரு தனிப் பயணம். மாரத்தஹள்ளியில் வண்டி நின்றால் நின்றதுதான். 2023 மார்ச்சில் கே.ஆர். புரா–வைட்ஃபீல்டு மெட்ரோ வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் நடுவில் விட்டுப்போயிருந்த பையப்பனஹள்ளி–கே.ஆர். புரா துண்டும் திறந்தது. இப்போது பர்ப்பிள் லைன் நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஓட்டம். கே.டி.பி.ஓ. அரங்குக்கு நல்லூர்ஹள்ளி, ஸ்ரீ சத்ய சாய் மருத்துவமனை நிலையங்கள் பக்கம்.

சென்னையிலிருந்து போகிறவர் பெங்களூரு நகர நிலையம் வரை போகவே வேண்டாம். கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறி, அங்கே இறங்கி, ஒட்டினாற்போல் இருக்கும் மெட்ரோவில் வைட்ஃபீல்டு பக்கம் திரும்பினால் வேலை முடிந்தது. அங்கே நிற்காத ரயில் என்றால் நகர நிலையம் போய், அதே பர்ப்பிள் லைனில் வந்த வழியே கிழக்கே வர வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதல். 2025 பிப்ரவரியில் பெங்களூரு மெட்ரோ கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், உச்சக் கட்டணம் அப்போது 90 ரூபாய் ஆனது. நம் ஊரில் 50. ஆனாலும் அதே தூரத்துக்கு அங்கே கேப் கேட்கும் தொகையோடு வைத்துப் பார்த்தால் வாய் திறக்க முடியாது.

ரயிலைப் பகலா, இரவா என்று தேர்வு செய்ய வேண்டும். காலை சென்னையில் ஏறினால் சதாப்தியோ வந்தே பாரத்தோ முற்பகலில் பெங்களூரு சேர்த்துவிடும். காமிக் கான் வழக்கமாகப் பதினொரு மணிக்குத்தான் திறக்கிறது, ஆகவே பெரிய இழப்பில்லை. பிருந்தாவன் மாதிரி வண்டிகள் சீட்டு மலிவு, ஆனால் மதியம் ஆகிவிடும். முந்தின நாள் இரவு மெயில் ரயிலில் கிளம்பினால் விடிவதற்குள் பெங்களூரு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும். அதற்கப்புறமும் அரங்கு திறக்க நாலு மணி நேரம். தூங்காத கண்ணோடு காத்திருக்கும் வயது இருபதோடு போய்விடுகிறது. எனக்குக் காலை ரயில்.

திரும்ப இரவு மெயில்தான், அதுதான் இந்தத் தேர்வின் பலம். அரங்கிலிருந்து நடந்து மெட்ரோ, மாறாமல் ஒரே வண்டியில் நகர ரயில் நிலையம், அங்கே ரயில் புறப்படும் இடத்திலேயே ஏறலாம், பையைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் முதலில் வைத்துவிடலாம். ஸ்லீப்பரில் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுவரலாம் என்பது ரயில்வே விதி; அவ்வளவு காமிக்ஸ் வாங்குகிறவர் வீட்டில் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். விடிகிற நேரத்தில் சென்ட்ரல், பக்கத்திலேயே ஆவடி வண்டி. நந்தம்பாக்கம் வாசலில் ஆட்டோவுக்கு நிற்பதைவிட உடம்புக்கு இது குறைந்த பாடு என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பஸ்ஸை நான் பரிந்துரைக்கவில்லை. சென்னை பஸ்கள் ஓசூர் வழியாக, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நகரத்தின் தெற்குப் பக்கமாக நுழைகின்றன. வைட்ஃபீல்டு கிழக்கே. இறங்கியபிறகு மறுபடி ஒரு பயணம்.

குறைகளும் உண்டு. ஒன்று, சீட்டு. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. காமிக் கான் ஜனவரியில் வந்தால் பொங்கல் கூட்டத்தோடு மோதும். 2025-ல் ஜனவரி 18, 19 தேதிகளில் நடந்தது, பொங்கலுக்குப் போனவர்கள் எல்லாம் பெங்களூரு திரும்புகிற அதே வாரக் கடைசி. இரண்டாவது, செலவு. நுழைவுச் சீட்டு, ரயில், மெட்ரோ, இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் அதே காசில் நந்தனத்தில் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கலாம். ஆங்கில காமிக்ஸ், இந்தியக் கிராஃபிக் நாவல், நேரில் கையெழுத்துப் போடும் ஓவியர்கள், கதாபாத்திரங்கள் போல வேடமிடும் காஸ்ப்ளே போட்டி இவையெல்லாம் வேண்டும் என்கிறவருக்கு மட்டும்தான் இந்தச் செலவு நியாயம். பழைய பதிப்பு என்பதால் அரங்குகள் அடர்த்தியாக இருக்கும். 2012-லிருந்தே பெங்களூருவில் நடக்கிறது.

ஈரோடு: கணக்கில் வராத குதிரை

ஈரோடு புத்தகத் திருவிழாவை மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்துகிறது. ஆகஸ்ட் மாதத்தில் லயன்–முத்து வாசகர்கள் ஈரோட்டில் கூடுவது பல ஆண்டு வழக்கம். ஆசிரியரையும் சக வாசகரையும் ஒரே கூடத்தில் பார்த்துப் பேச முடிகிற சந்திப்பு அது. பெரிய மேடையும் விளக்கும் கிடையாது, பேச்சு உண்டு. காமிக் கானின் மனம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இங்கே என்பேன்.

போக்குவரத்தும் அழகாகப் பொருந்துகிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையில் ஓடும் இரவு ரயில். ராத்திரி ஏறினால் காலையில் ஈரோடு, அதுவே கடைசி நிலையம், தூங்கிப்போனாலும் ஊர் தாண்டாது. திரும்பும் வண்டி இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி விடியும் முன்பே சென்ட்ரல் வந்துவிடும். ஊருக்குள் நகரப் பேருந்தோ ஆட்டோவோ போதும், தூரங்கள் சின்னவை. பகலில் நேரம் மிஞ்சினால் திருவிழா அரங்குகள். கடைசி அரை மணி நேரத்தை மட்டும் கொஞ்சம் தியாகம் செய்ய வேண்டும், அந்த ரயிலை விட்டால் அடுத்ததில் படுக்கை கிடைப்பது அதிர்ஷ்டம்.

வேடம் போடுகிறவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் வாங்குகிறவர்களுக்கு. காஸ்ப்ளே ஆட்களுக்குக் கணக்கு தலைகீழ்: போகும்போதுதான் சுமை, வரும்போது பாதி உடைந்திருக்கும். ஃபோம் ஷீட்டில் செய்த கவசம், இறக்கை, ஆளுயர வாள் இவற்றோடு 54-ல் ஏறுவது பாதுகாப்பாகாது, உங்களுக்கும் சரி, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் சரி. மெட்ரோவில் வாள் மாதிரி எதைப் பார்த்தாலும் பாதுகாப்புக் காவலர் நிறுத்திக் கேட்பார். துண்டு துண்டாகக் கழற்றிப் பைக்குள் வைக்கும்படி செய்வது நல்லது, ஒட்டாமல் வெல்க்ரோவில் சேர்க்கலாம். முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு பஸ் பயணம் வேண்டாம். பிப்ரவரி வெயிலுக்கே வழிந்துவிடும். வேடக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் நந்தம்பாக்கத்துக்குக் கேப்தான் நியாயம், வாங்குகிறவர்கள் அதே கேப்பைத் திரும்பி வரப் பயன்படுத்திக்கொண்டால் இரு தரப்புக்கும் லாபம்.

சீட்டு, கார்டு

சிங்காரச் சென்னை கார்டு ஒன்றை வைத்துக்கொண்டால் மெட்ரோவிலும், 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் தட்டிப் போகலாம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்தே சீட்டு எடுக்கலாம். கூட்டம் கலையும் நேரத்தில் டிக்கெட் வரிசையில் பையோடு நிற்காமல் போவது பெரிய நிம்மதி. அரங்குக்குள் நெட்வொர்க் படுத்துவிடும் என்பதால் திரும்பும் சீட்டை வெளியே வரும் முன் எடுக்க நினைக்காமல், காலையில் கைபேசியில் சார்ஜ் இருக்கும்போதே எதைப் பிடிப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

அப்படியானால் எது?

ஒரு நாள், குறைந்த பணம், தமிழ் காமிக்ஸ் என்றால் நந்தனம். அன்று காலையே மூர் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்விட்டு, மதியம் சென்ட்ரலில் மெட்ரோ ஏறலாம், இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன. ஆனால் தட்டுகளைச் சுமந்துகொண்டு புத்தகக் காட்சிக் கூட்டத்தில் நுழையாதீர்கள். வரிசையை மாற்றினாலும் சரிவராது, மாலைக்குள் கடைகள் மூடத் தொடங்கிவிடும். தட்டு வாங்கும் உத்தேசம் உறுதியானது என்றால் அதற்கு வேறொரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.

குடும்பத்தோடு, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்றால் நந்தம்பாக்கம், சனிக்கிழமை, ஏழு மணிக்குள் வெளியே. சனியும் ஞாயிறும் இரண்டு நாளும் போகும் திட்டம் என்றால் ஞாயிறன்று மின்சார ரயிலை நம்பாமல் மெட்ரோவோடு நில்லுங்கள்.

நண்பர்களோடு ஒரு முழு வார இறுதி, ஓவியர்களைச் சந்திக்க வேண்டும், கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை என்றால் வைட்ஃபீல்டு. அதற்கு முதலில் வாங்க வேண்டியது பெங்களூருவிலிருந்து திரும்பும் சீட்டு. ஞாயிறு இரவு மெயிலில் படுக்கை உறுதியானபின்தான் காமிக் கான் நுழைவுச் சீட்டுக்குப் பணம் கட்டுங்கள். அது காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் சனிக்கிழமை காலை போய் சனி இரவே திரும்பப் பாருங்கள்; ஞாயிறு இரவைவிட அன்று இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சனியும் இல்லையென்றால் பெங்களூருவை விட்டுவிட்டு ஆகஸ்டில் ஈரோட்டுக்குப் பதிவு செய்யலாம்.